ஆறு ஒயின் பாட்டில்கள், இரண்டு பெட்டிகள்

முதல் முறை நான் ஒயின் பாட்டில்களை விமானத்தில் கொண்டுவந்தபோது, இரண்டு பாட்டில்களையும் தனித்தனிக் குளியல் துண்டில் சுற்றி, ஒன்றையொட்டி ஒன்றாகப் படுக்கவைத்து, மேலே துணிகளைப் பரப்பிப் பெட்டியை மூடிவிட்டேன். பெல்ட்டில் என் பெட்டி தெரிவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது என்று என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பார். திறந்து பார்த்தபோது ஒரு பாட்டில் தோள்பட்டையோடு, அதாவது கழுத்து அகலத் தொடங்கும் இடத்தில், உடைந்திருந்தது. மற்றொன்று முழுதாக இருந்தாலும் அதன் லேபிள் ஊறி உரிந்திருந்தது. துண்டுகள் தடிமனானவைதான். ஆனால் வழியில் எங்கோ அவை நழுவிச் சுருண்டு, கண்ணாடியும் கண்ணாடியும் நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. மென்மையான துணி இருந்தால் போதாது, அது இருந்த இடத்தை விட்டு அசையாமலும் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்மைப் பயணத்தில் ஆறு பாட்டில்கள் கொண்டுவர எண்ணினோம். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவங்களைப் பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் அனுமதிப்பதில்லை என்பதால் 750 மி.லி. பாட்டிலுக்கு அந்த வழி இல்லை. டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கி முத்திரையிட்ட உறையில் எடுத்துச் செல்லலாம். எங்களுக்கோ இடையில் விமானம் மாற வேண்டியிருந்தது. மாறும் இடத்தில் மறுபடியும் சோதனைச் சாவடியைக் கடக்கும்போது அந்த உறை ஏற்கப்படாமல் போனால் அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஆகவே அனைத்தையும் செக்-இன் பெட்டிகளில் வைப்பதென்று முடிவாயிற்று.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. விமானப் பாதுகாப்பு விதி பார்ப்பது மதுவின் வீரியத்தை: 24 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவற்றுக்கு அளவுக் கட்டுப்பாடு இல்லை, அதற்கு மேல் 70 சதவீதம் வரை ஒருவருக்கு ஐந்து லிட்டர், 70ஐத் தாண்டினால் அனுமதியே இல்லை. ஒயின் பெரும்பாலும் 11 முதல் 15 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் இறங்கும் நாட்டின் சுங்கத் துறை வரியில்லாமல் எத்தனை லிட்டரை விடும் என்பது வேறு கணக்கு. எங்கள் எண்ணிக்கையைத் தீர்மானித்தது அந்தக் கணக்குதான். வரம்பு ஆளுக்கு ஆள் தனித்தனியாக இருப்பதால் பெட்டிக்கு மூன்றாகப் பிரித்தோம். ஒரு பெட்டி தொலைந்தாலும் மூன்று பாட்டில்களாவது மிஞ்சும் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது.

எடையையும் அப்போதே பார்த்துவிட்டேன். சாதாரண பாட்டில் நிரம்பிய நிலையில் ஒரு கிலோ இருநூறு, முந்நூறு கிராம் இருக்கும். ஷாம்பெயின் போல வாயு நிறைந்து நுரைக்கும் ஸ்பார்க்லிங் ஒயினின் பாட்டில் உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகத் தடித்த கண்ணாடியில் செய்யப்படுவதால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்பில் மூன்று பாட்டில்களே ஏறத்தாழ நான்கு கிலோ எடுத்துக்கொண்டுவிடும்.

மேலே போனதும் கார்க் பிய்த்துக்கொள்ளும் என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். சரக்கு அறையிலும் பயணிகள் அறையிலும் காற்றழுத்தம் ஒன்றுதான். அது ஏறத்தாழ 8,000 அடி உயரத்து அழுத்தத்துக்குக் கீழே போவதில்லை. ஷாம்பெயின் பாட்டிலின் உள்ளே எப்போதும் ஐந்தாறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. வெளியே கால்பங்கு குறைவதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. கார்க்கைவிட எனக்குக் கவலை தந்தது திருகுமூடிதான். அதன் விளிம்பில் ஒரு அடி பட்டு நசுங்கினால், கண்ணாடி உடையாமலே ஒயின் கசியும்.

கட்டுவதற்கு ஒரு முழு மாலை ஆயிற்று. ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் முதலில் ஒரு காலுறையைச் சுற்றி, அதன் மேல் பபிள் ராப்பைக் கழுத்தும் உடலும் ஒரே பருமனாகும் வரை சுற்றினேன். கழுத்து மெலிந்து நீண்டிருப்பதால் நுனியில் விழும் அடி முழுவதும் தோள்பட்டையில்தான் இறங்குகிறது. முதல் பாட்டில் உடைந்ததும் அங்கேதான். உருளையாக்கிவிட்டால் அந்த நெம்பு குறைகிறது. அடிப்பாகத்துக்கும் மடித்த அட்டை ஒன்று. பிறகு ஒரு குழந்தை டயப்பரோடு நீர் புகாத ஜிப் உறைக்குள் வைத்தேன். உறையை உள்ளே போட்டு பபிள் ராப்பை வெளியே சுற்றுவதாகத்தான் முதலில் இருந்தேன். உடைந்தால் சில்லு உறையைக் கிழித்துவிடுமே என்று தோன்றியதால் மாற்றினேன். பாட்டில்களுக்கென்றே விற்கும் காற்றடைத்த உறைகளும் தெர்மாகோல் பெட்டிகளும் உண்டு. அடிக்கடி கொண்டுவருபவர்களுக்கு அவை ஏற்றவை. எனக்கு அவ்வளவு இடம் இல்லை.

பெட்டிக்குள் வைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இழுக்கும் கைப்பிடியின் உலோகக் குழாய்கள் பெட்டியின் பின்சுவரில் உள்பக்கமாக ஓடுகின்றன. அந்த மேடுகளின் மேல் பாட்டில் நேராகப் படவே கூடாது. அடியில் கம்பளிச் சட்டைகளைப் பரப்பி, ஒரு ஜீன்ஸின் இரண்டு கால்களுக்குள்ளும் ஒவ்வொரு பாட்டிலைச் செருகி, நடுவில் இடுப்புப் பகுதியை மடித்து வைத்ததில் இரண்டும் பிரிந்து நின்றன. மூன்றாவதை ஒரு தடித்த மேல்சட்டையில் சுற்றினேன். எல்லாப் பக்கமும் நான்கு விரல் அகலத்துக்காவது துணி இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். காலணி, சார்ஜர் முதலியவை மற்ற பாதிக்குப் போயின. மூடிய பிறகு பெட்டியை நிறுத்தியும் சாய்த்தும் குலுக்கிப் பார்த்தேன்; உள்ளே ‘டக்’ என்றது. திறந்தால், மறு பாதியிலிருந்த காலணி நடுத் துணியைத் தள்ளிக்கொண்டு பாட்டிலின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு சட்டைகளைத் திணித்ததும் சத்தம் அடங்கியது. மேசை உயரத்திலிருந்து பெட்டியைப் போட்டுப் பார்க்கலாமா என்று மனைவியிடம் கேட்டதற்குக் கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பாதுகாப்புச் சோதனைக்காகப் பெட்டியை விமான நிலைய அதிகாரிகள் திறக்கக்கூடும் என்பதால், ‘கண்ணாடிப் பாட்டில்கள் உள்ளன, இருந்தபடியே திரும்ப வைக்கவும்’ என்று அங்கே படிக்கக்கூடிய மொழியில் ஒரு தாள் எழுதி மேலே வைத்தேன். கவுன்டரில் கேட்டு, உடையும் பொருள் என்ற ஸ்டிக்கரும் வாங்கி ஒட்டினேன். அதை நம்பி எதையும் குறைத்துக் கட்டவில்லை.

சுங்கத்தில் தாமதம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் குளியலறைத் தரையில் வைத்துத்தான் பெட்டிகளைத் திறந்தோம், பழைய அனுபவம் அப்படி. ஆறும் முழுதாக இருந்தன. ஒரு திருகுமூடியின் ஓரம் மட்டும் நசுங்கி, ஒரு தேக்கரண்டி அளவு கசிந்திருந்தது. அதை டயப்பர் குடித்துவிட்டதால் துணியில் கறை இல்லை. அடியில் மண்டி படியும் பழைய சிவப்பு ஒயினைக் குலுங்கல் தெளியட்டும் என்று ஒரு வாரம் நிமிர்த்தி வைத்தோம். கசிந்த பாட்டிலுக்குள் காற்று புகுந்திருக்கும், இனி அது தாங்காது என்பதால் அதை அன்றிரவே திறந்துவிட்டோம்.