சூட்கேஸுக்குள் மலை ரயில்

மாதிரி ரயில் போட்டிக்காக நீலகிரி மலை ரயிலின் கல்லாறு–குன்னூர் பாதையில் ஒரு துண்டைச் செய்துகொண்டிருக்கிறேன். மூடினால் சூட்கேஸ், திறந்தால் 120 செ.மீ. மலைச்சரிவு. 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்காக, மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையிலான ஒரு மீட்டர் இடைவெளி) வெறும் 12 மி.மீ. அளவுக்கு ஆகிவிடுகிறது! நிஜப் பாதையின் 12-க்கு 1 ஏற்றத்தை அப்படியே வைத்திருக்கிறேன், 60 செ.மீ. போவதற்குள் 5 செ.மீ. ஏற வேண்டும். இன்ஜினும் அங்கே போலவே பின்னால் நின்றுதான் தள்ளும்.

பாடாய்ப் படுத்தியது நடு மடிப்புதான். தூக்கி வைத்தாலே தண்டவாளம் அரை மில்லிமீட்டர் விலகி, முதல் பெட்டி சாய்ந்துவிடும். மடிப்பின் இருபுறமும் பித்தளைத் திருகுகளை இறக்கி, அவற்றின் தலைமீதே தண்டவாளத்தைப் பற்றவைத்தேன். நேற்றிரவு பத்து முறை மூடித் திறந்து ஓட்டினேன். ஒருமுறைகூடத் தடம் புரளவில்லை.

காட்டுக்காகப் பச்சைச் சாயம் ஏற்றிய மரத்தூள் மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது.