நான்கு மதிப்பெண்

ஒரு மாணவியின் கட்டுரையில் அந்த நான்கு மதிப்பெண்ணைக் கழித்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சரி என்றால் இத்தனை நாள் கழித்து ஏன் அதையே கிளறிக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால் பதில் இல்லை.

இனவெறியும் உடல்நலமும் பற்றிய பாடத்துக்குக் கட்டுரை திருத்தியவர்களுக்கு மதிப்பெண் அட்டவணையின் இறுக்கம் தெரியும். ‘சான்று’ என்ற வரிக்குப் பத்து. ஆய்விதழ்களில் வெளிவந்த கட்டுரைகளை மேற்கோள் காட்ட வேண்டும். சொந்த அனுபவம் சான்றாகாது. அந்த மாணவி ஒரே ஓர் ஆய்வைக் காட்டிவிட்டு, மீதிப் பக்கங்கள் முழுக்கத் தன் மாமாவைப் பற்றி எழுதியிருந்தார். பத்துக்கு ஆறு போட்டேன்.

மாமாவுக்குச் சிறுநீரகம் பழுது. தசைகளிலிருந்து இரத்தத்தில் சேரும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துச் சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்று கணிக்க ஒரு சூத்திரம் உண்டு. 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. 1999-இல் வந்ததில் இந்த எண் 1.18. கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம், இந்த மதிப்பு 20-க்கு இறங்கினால் அல்லது டயாலிசிஸ் தொடங்கினால்தான் எண்ணப்படும். அந்தப் பெருக்கலால் வெள்ளையருக்கு 18 என்று வந்த அதே இரத்தம் கறுப்பினத்தவருக்குக் கிட்டத்தட்ட 21 ஆகிவிட்டது. முன்னவர் வரிசையில் நின்றார், பின்னவர் வீட்டுக்குப் போனார். மாமா வீட்டுக்குப் போனவர்.

மறுமதிப்பீடு கேட்டு வந்தபோது மாணவியிடம் கோபம் தெரியவில்லை. “அந்த 1.159-ஐக் கொண்டுவந்ததும் நீங்கள் கேட்கிற மாதிரியான கட்டுரைதானே?” என்றார்.

“2021-இல் அதை நீக்கியதும் அப்படிப்பட்ட கட்டுரைகள்தான்” என்றேன்.

தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். பேராசிரியை, முடிவை என்னிடமே விட்டார். மதிப்பெண் மாறவில்லை.

கெட்டிக்காரத்தனமான பதில் என்று கொஞ்ச நாள் எனக்கே ஒரு திருப்தி. பிறகு அந்தத் திருப்தி கரையத் தொடங்கியது. 2017-இலேயே பாஸ்டனில் ஒரு மருத்துவமனை அந்தப் பெருக்கலைக் கைவிட்டிருந்தது. வேறு இடங்களில் மருத்துவ மாணவர்கள் விடாமல் கேள்வி கேட்டு நெருக்கினார்கள். முதலில் யாரோ ஒருவர், தன் கண்ணெதிரே இருந்த நோயாளியைப் பார்த்து, இது எப்படி நியாயம் என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் அட்டவணையில் பத்துக்கு ஆறுதான் கிடைத்திருக்கும். அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்குச் சிகிச்சை தராமல் வேடிக்கை பார்த்த ஆய்வின் முடிவுகளும் மருத்துவ இதழ்களில் ஒழுங்காக வெளிவந்துகொண்டுதான் இருந்தன. அதை நாங்களே அந்தப் பாடத்தில் நடத்தினோம்.

ஆனாலும் ஒன்று. இந்த மாணவியின் மாமாவை ஏற்றுக்கொண்டால், தடுப்பூசியால்தான் நோய் வந்தது என்று எழுதும் இன்னொருவரின் அத்தையையும் ஏற்க வேண்டும். கட்டுக்கட்டாக வரும் கட்டுரைகளில் யாருடைய துயரம் உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? அட்டவணை என்னைப் பாதுகாத்தது. மாணவர்களையும் என்னிடமிருந்து பாதுகாத்தது என்று சொல்லிக்கொள்வேன்.

அதே கட்டுரைக் கட்டுக்குள் முழு மதிப்பெண் வாங்கிய கட்டுரை ஒன்றும் இருந்தது. 2021-இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள், வெள்ளையர் 26.6 பேர் என்று எண்கள் கச்சிதம், மேற்கோள்கள் கச்சிதம். காரணம்? கறுப்பினத்தவராக இருப்பதே ஆபத்து என்று ஒரே வரி. ஏன் என்ற கேள்வியே இல்லை. அதற்குக் கழிக்க அட்டவணையில் இடம் தேடினேன், அகப்படவில்லை.

சூத்திரம் மாறுவதற்கு முன் என் இரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் அந்த இரண்டு வரிகள் அச்சாகியிருந்தன: ஆப்பிரிக்க அமெரிக்கர் என்றால் இவ்வளவு, அல்லாதவர் என்றால் இவ்வளவு. என்னைவிட வெளிர் நிறமுள்ள கறுப்பின நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்குப் பெருக்கல், எனக்கு இல்லை. அன்று அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அடுத்த பருவத்தில் பேராசிரியை அட்டவணையை மாற்றினார்: ஆய்வோடு பொருத்திக் காட்டினால் சொந்த அனுபவமும் சான்றாகும். நானும் அதற்குக் குரல் கொடுத்தேன். இப்போது கட்டுரைக்குக் கட்டுரை அம்மாவின் பிரசவம், தாத்தாவின் நீரிழிவு. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்கள். மற்றவர்கள் பழையபடி ஆய்விதழ்களை அடுக்கிவிட்டு நிம்மதியாகப் போகிறார்கள். ஒருவர் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: “இதை எழுத எனக்கு விருப்பமில்லை. மதிப்பெண் இதற்குத்தான் என்று தோன்றியது.”

அவருக்குச் ‘சான்று’ வரியில் ஒன்பது போட்டேன். அந்த ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டு வந்தால், மேற்கோள் காட்டிய முறை சரியில்லை என்று சொல்வேன். அது உண்மையும்கூட.