வலக்கைக்கும் ஒரு வேலை: ஏற்காட்டில் எங்கள் செயல்முறைச் சிகிச்சை அனுபவம்

எங்கள் மகளுக்கு வலப்பக்கத்தைப் பாதித்த மூளை முடக்குவாதம், அதாவது ஹெமிப்ளீஜியா, இருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் உறுதியானபோது அவளுக்கு வயது ஒன்றரை. முதல் பிறந்தநாளுக்கு முன்பே அவள் எதையும் இடக்கையால் மட்டுமே எடுத்தாள். வலக்கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தது. இடக்கைப் பழக்கம் என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். தடுப்பூசி போட வந்த கிராமச் சுகாதாரச் செவிலியர்தான், ஒரு வயது முடியாத குழந்தை ஒரு கையை மட்டும் தொடர்ந்து பயன்படுத்துவது இயல்பானதல்ல என்று கூறி, எங்களைச் சேலத்துக்கு அனுப்பி வைத்தார். அவருக்கு நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பெருகாது என்றாலும், குழந்தை வளரும்போது இறுகிய தசைகள் எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூட்டுகளை இழுத்துப் பிடிக்கும் என்பதால், காலுக்கு இயன்முறைச் சிகிச்சையும் கைக்கும் அன்றாடச் செயல்களுக்கும் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்முறைச் சிகிச்சையும் தேவை என்று மருத்துவர் விளக்கினார். நாங்கள் முதலில் சென்ற தனியார் மையத்தில் குழந்தையைப் படுக்க வைத்துக் கையை நீவிவிட்டார்கள்; சில நேரம் மின்தூண்டல் கொடுத்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் இறங்கி, வாந்தி எடுத்துத் துவண்டுபோன குழந்தை, அந்த நேரம் முழுவதும் தானாக எதுவும் செய்யாமல் படுத்திருந்துவிட்டு மலையேறுவாள்.

பிறகு கிடைத்த சிகிச்சையாளர் அவளுடைய கையைத் தொடுவதற்கு முன் எங்களிடம்தான் நெடுநேரம் பேசினார். காலையில் கண் விழிப்பதிலிருந்து உறங்கும்வரை என்னென்ன நடக்கிறது, எதில் அவளுக்கு ஆசை அதிகம், எதில் எங்களுக்குச் சிரமம் அதிகம் என்று கேட்டு, மூன்று செயல்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றையும் அவள் இப்போது எவ்வளவு செய்கிறாள், அதில் எங்களுக்கு எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டுக் குறித்துக்கொண்டார். தானாகச் சாப்பிடுவது, ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது, டிபன் பாக்ஸ் திறப்பது ஆகிய மூன்றையும் சொன்னோம். கை சரியாக வேண்டும் என்ற பெரிய ஏக்கத்தோடு போன எனக்கு, அந்தச் சிறிய பட்டியல்தான் முதன்முதலாக ஒரு வழியைக் காட்டியது. அடிக்கடி கீழே வரவேண்டாம், பயிற்சி வீட்டிலேயே நடக்கட்டும் என்றும் அவர் சொன்னார். அயோனா நோவாக் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் தம் குழுவினருடன் 2013இல் சிகிச்சை முறைகளைப் போக்குவரத்து விளக்கின் நிறங்களில் தரம் பிரித்தபோது, இலக்கு சார்ந்த பயிற்சி, இருகைப் பயிற்சி, வீட்டுப் பயிற்சித் திட்டம் ஆகியவை பச்சையில் இடம்பெற்றன என்பதை அவர் வழியாகத்தான் அறிந்தேன்.

முதல் மாற்றம் நாற்காலியில் தொடங்கியது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணமாக மடங்கி, பாதங்கள் பலகையில் ஊன்றி, மேசை முழங்கை உயரத்தில் இருந்தால்தான் கைகளுக்கு வேலை செய்யும் நிதானம் கிடைக்கும். எஸ்டேட் தச்சர் சில்வர் ஓக் பலகையில் அதைச் செய்து கொடுத்தார். சாய்ந்து விழாமல் இருப்பதிலேயே தீர்ந்துபோன அவளுடைய கவனம், அதன் பிறகு தட்டின்மேல் வந்தது.

சாப்பாட்டில் தான் பெரிய விவாதம் எழுந்தது. வலக்கையால்தான் உண்ண வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் உறுதி. ஆனால் சிகிச்சையாளர், உணவை எடுப்பது இடக்கையின் வேலை, தட்டை அசையாமல் பிடிப்பது வலக்கையின் வேலை என்று பிரித்துக் கொடுத்தார். விளிம்பு உயர்ந்த தட்டின் அடியில் ஈரத்துணி விரித்தோம். "பச்சப்புள்ள தானா எப்படிம்மா சாப்பிடும், வயிறு வாடிப் போயிடும்" என்று என் மாமியார் கலங்கினார். "பசியோட முதல் அஞ்சு வாயை அவ எடுக்கட்டும் அத்தை, மிச்சத்தை நீங்க ஊட்டுங்க" என்று கேட்டுக்கொண்டேன். மொச்சை உரிக்கும் பொறுப்பையும் பாட்டிக்கும் பேத்திக்கும் சேர்த்தே கொடுத்தோம். காயை வலக்கை பிடிக்க வேண்டும், இடக்கை பிரிக்க வேண்டும். நான் கற்றுத் தந்ததைவிடப் பாட்டியிடம் அவள் கற்றது அதிகம்.

மலைக் குளிரில் ஸ்வெட்டர் தவிர்க்க முடியாதது. குளிரில் அவளுடைய கை மேலும் இறுகும். போடும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற ஒரே முறை, காலை நேரத்துப் போராட்டத்தைப் பெரிதும் குறைத்தது. முன்புறம் திறக்கும் ஸ்வெட்டராக வாங்கி, ஜிப்பில் ஒரு சாவி வளையம் மாட்டினோம்.

மூன்று வயதுக்குப் பிறகு, நாளொன்றுக்கு 2 மணி நேரம் என்ற கணக்கில், சில வாரங்கள் இடக்கைக்குப் பொம்மைக் கையுறை அணிவித்து வலக்கையை மட்டும் விளையாட வைக்கும் பயிற்சியும் நடந்தது. இது குழந்தைக்கு உண்மையிலேயே கடினமானது. அவள் அழுத நாட்களில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தோம். கையுறையோடு படியேறவோ ஓடவோ விடக்கூடாது, ஏனெனில் விழுந்தால் ஊன்றிக்கொள்ள அந்தக் கைதான் உண்டு. சிகிச்சையாளரின் மேற்பார்வை இல்லாமல் இதை யாரும் தொடங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் கிடைத்த பலனை இருகைப் பயிற்சிதான் நிலைக்க வைத்தது. மார்கழியில் காப்பிப் பழம் பறிக்கும்போது கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து மறு கையால் பறிப்பதைப் பார்த்த அவள், வீட்டுப் பின்புறச் செடியில் தானும் அப்படிச் செய்ய விரும்பினாள். கிளையை விட்டால் அது மேலே போய்விடும் என்பதால், வலக்கையைப் பயன்படுத்து என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரவில் கட்டைவிரலை வெளியே நிறுத்தும் ஸ்ப்லின்ட், அதாவது கையைத் தாங்கும் அணைப்பட்டை, அணிகிறாள். கழற்றிய பிறகு அரை மணி நேரத்துக்கும் மேல் தோலில் சிவப்புத் தடம் மறையாவிட்டால், அதைத் திருத்தித் தரச் சொல்ல வேண்டும். ஸ்ப்லின்ட் மட்டுமே கைக்குச் செயல்திறன் தராது என்பதையும் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மூளை முடக்குவாதம் இடம்பெற்றுள்ளது. பல உதவிகளுக்குச் சான்றிதழில் 40 விழுக்காடு குறைபாடு என்பது அடிப்படை வரம்பு. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு.

இப்போது அவள் முதல் வகுப்பில் படிக்கிறாள். இடக்கையால் எழுதுகிறாள், நோட்டு நகராமல் வலது முன்கை அழுத்திக்கொள்கிறது. டிபன் பாக்ஸுக்கு மட்டும் இன்னும் மதிப்பெண் ஏறவில்லை. பக்கப் பூட்டு உள்ள டப்பாவை விட்டுவிட்டுத் திருகு மூடி உள்ளதாக மாற்றியிருக்கிறோம். அதை மடியில் வைத்து இரு முழங்கால்களுக்கிடையே இடுக்கித் திறக்கும் முறையை வகுப்பாசிரியரிடமும் காட்டிவிட்டு வந்தேன். அடுத்த மதிப்பீட்டுக்கான இலக்கை இம்முறை அவளே சொல்லியிருக்கிறாள்: தன் ரிப்பனைத் தானே கட்ட வேண்டுமாம்.