சைடு ஸ்டாண்டு விழுங்கிய கால் லிட்டர்

என் வண்டி 2014-இல் வாங்கிய ஸ்பிளெண்டர். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு வேலைக்குப் போய் வர நாளொன்றுக்கு 26 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வழியில் ஐந்து ஆறுகள். தூரமும் வழியும் மாறுவதே இல்லை. அப்படியிருக்க, போன ஆடியில், முந்தின முறை 60 கொடுத்த மைலேஜ் திடீரென்று 55-க்கு இறங்கியதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

மெக்கானிக்கிடம் விட்டேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பிளக்கை மாற்றினார், 650 ரூபாய் வாங்கினார். அடுத்த முறை டேங்கை நிரப்பிக் கணக்குப் போட்டேன்: 60. "நான் சொன்னேனே சார்" என்றார். அதற்கடுத்த முறை மறுபடியும் 55. இந்தத் தடவை அவரிடம் போகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் கணக்கு எல்லோரும் போடுவதுதான். டேங்கை வழிய நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டிவிட்டு மறுபடியும் வழிய நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். (200 ரூபாய்க்குப் போடுங்கள் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது கைகூடாது. அவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.) ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு 360 கிலோமீட்டர் ஓடும். ஒரு முறை 6 லிட்டர் பிடித்தது, மறுமுறை 6.5 லிட்டர். இப்படியே மாறி மாறி.

நான் போகும் பங்க் இரண்டு. ஒன்றில் தரை சரிவு என்பதால் சென்டர் ஸ்டாண்டு போடச் சொல்வார்கள். இன்னொன்றில் கூட்டம், சைடு ஸ்டாண்டிலேயே நிரப்பிவிட்டுத் தள்ளச் சொல்வார்கள். சைடு ஸ்டாண்டில் டேங்க் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பெட்ரோல் வாய்விளிம்பைத் தொட்டுவிடும், ஆனால் மேலே வலது மூலையில் காற்று நிற்கும். என் வண்டியில் அந்தக் காற்றின் அளவு கால் லிட்டர்.

நிமிர்த்தி நிரப்பிக் கிளம்பி, அடுத்த முறை சாய்த்து நிரப்பினால், செலவானது 6.25 லிட்டர்தான் என்றாலும் 6 லிட்டர்தான் உள்ளே போகும்: மைலேஜ் 60. அதற்கடுத்த முறை நிமிர்த்தி நிரப்பினால் விடுபட்ட கால் லிட்டரும் சேர்ந்து 6.5 பிடிக்கும்: 55.4. உண்மை மைலேஜ் 57.6. ஆடிக்கு முன்பும் பின்பும் அதேதான். என்றும் ஒரே ஸ்டாண்டில் நிரப்பியிருந்தால், அது எந்த ஸ்டாண்டாக இருந்தாலும், இந்தக் குழப்பம் வந்தே இருக்காது.

அப்பா இந்தக் கணக்கையே வேறு மாதிரி போடுவார். டேங்கில் பெட்ரோல் குறைந்து ரிசர்வ் விழுந்ததும் பெட்ரோல் குழாயைத் திருப்பிவிட்டு, அந்த இடத்திலேயே நின்று மீட்டரைக் குறிப்பார். அடுத்த ரிசர்வ் விழும்வரை எத்தனை தடவை, எத்தனை ரூபாய்க்குப் போட்டாலும் லிட்டரைக் கூட்டிக்கொண்டே வருவார். டேங்கை நிரப்பும் வேலையே இல்லை. ரிசர்வ் விழும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும், நிமிர்ந்திருக்கும். பாலத்து ஏற்றத்தில் விழுந்தால் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அதைப் பழங்காலத்து வழி என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

இப்போது ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன். பத்து முறை நிரப்பியதன் மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்கிறேன். 62 லிட்டரில் கால் லிட்டர் தவறினால் என்ன கெட்டுவிடும்? பத்து மைலேஜையும் கூட்டிப் பத்தால் வகுப்பது மட்டும் கூடாது. 100 கிலோமீட்டர் 40 மைலேஜிலும் இன்னொரு 100 கிலோமீட்டர் 60-லும் ஓடினால் சராசரி 50 அல்ல, 48.

இதை மனைவியின் தம்பியிடம் விளக்கப் போய் நான்தான் மாட்டிக்கொண்டேன். சர்வீஸ் செய்து டயரில் காற்றைச் சரிபார்த்ததில் அவனுடைய கார் 12-லிருந்து 14-க்கு ஏறியதாம். "இரண்டு கிலோமீட்டருக்கா இவ்வளவு குதிக்கிறாய்? கிளட்ச் பிளேட் மாற்றியதும் என் வண்டி 48-லிருந்து 58-க்கு வந்தது" என்றேன். "ஆயிரம் கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள் அத்தான்" என்றான். போட்டேன். எனக்கு மிச்சம் மூன்றரை லிட்டர், அவனுக்குப் பன்னிரண்டு. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பது எதற்கென்று அன்றுதான் புரிந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோலால் மைலேஜ் குறைந்ததா என்று கேட்கிறார்கள். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே 20 சதவீதம் கலந்தால் கொஞ்சம் குறையத்தான் வேண்டும். என் நோட்டை அதற்குச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அதே சமயத்தில் முன் டயரையும் மாற்றிவிட்டேன். ஸ்பிளெண்டரில் மீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்துதான் வருகிறது. தேய்ந்த டயர் அதிகம் சுற்றும், மீட்டரும் ஓடாத தூரத்தைச் சேர்த்துக் காட்டும்.

போன வாரம் மனைவி நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். தேதி, மீட்டர், லிட்டர், ரூபாய், எந்த ஸ்டாண்டு என்று ஐந்து கட்டம்.

"மெக்கானிக்குக் கொடுத்த 650 எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்றாள்.

அதற்குக் கட்டம் போடவில்லை.