மண்டி, புளிச்சக்கை, பழைய கண்டாங்கி: வெயில்கால நாட்குறிப்பு

ஏப்ரல் 3, வியாழன்

இன்று வெண்டைக்காய் மண்டி. அரிசி களைந்த தண்ணீரை அப்படியே தொட்டியில் கொட்டிவிடும் அடுப்படிகள் இப்போது அதிகம். செட்டிநாட்டில் அந்தத் தண்ணீருக்கென்றே ஒரு குழம்பு இருக்கிறது. அதன் பெயரும் அடியில் தங்கும் மண்டியிலிருந்து வந்ததுதான்.

முதல் கழுவலில் தூசியும் தவிடும் வரும். அது செடிக்கு. இரண்டாவதாக அரைக்கிலோ அரிசிக்கு 2 டம்ளர் தண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் விட்டு, உள்ளங்கையால் அழுத்திக் களைந்தால் நீர்த்த பால்போல் வரும். அதுவே குழம்புக்கு. எலுமிச்சை அளவு புளியை இந்தத் தண்ணீரிலேயே ஊறவைத்துக் கரைக்க வேண்டும். தனியாகத் தண்ணீர் சேர்த்தால் குழம்பு நீர்த்துப் போகும்.

கால் கிலோ வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்கவும். 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, அரை டீஸ்பூன் வெந்தயம். பிறகு சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், கீறிய பச்சை மிளகாய் 6. அதன்பின் காயைப் போட்டு, கரண்டியில் நூல் இழுப்பது அறவே நிற்கும்வரை வதக்கவும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் குழம்பு முழுவதும் வழவழத்துவிடும். கரைசலை ஊற்றும் முன் ஒரு கலக்குக் கலக்கிவிட வேண்டும், மாவெல்லாம் அடியில் இருக்கும். உப்புப் போட்டு, சிறு தீயில் 10, 12 நிமிடம். நடுநடுவே துழாவாவிட்டால் அடிப்பிடிக்கும். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம்.

காலையில் களைந்த தண்ணீரை மாலைக்கு என்று வெளியே வைக்காதீர்கள். இந்த வெயிலுக்குப் பொங்கிப் புளித்துவிடும். புளிச்சக்கையை எறியவில்லை, நாளைக்கு வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

சாமான் அறையிலிருந்து இரண்டு பித்தளைக் குடம், ஒரு குத்துவிளக்கு. நேற்றைய சக்கையோடு ஒரு கைப்பிடி கல்லுப்பைப் பிசைந்து தேய்த்தால் கறுப்பு இளகி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். புளியின் அமிலம் கறையைக் கரைக்கிறது, உப்பு அதற்கு வேகம் கொடுக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் சக்கை அப்பியிருக்கக் கூடாது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பு நெடுநேரம் பட்டால் துத்தநாகம் முதலில் கரைந்து, அந்த இடத்தில் செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். அதை மறுபடி புளி போட்டுத் தேய்த்தால் திட்டு பரவுமே தவிரப் போகாது. சலித்த விறகுச் சாம்பலை உலர்ந்த துணியில் தொட்டுத்தான் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். கழுவியதும் துடைத்து வெயிலில் வைத்துவிடுவது நல்லது. தானாகக் காயவிட்டால் சொட்டுச் சொட்டாகத் தழும்பு விழும்.

இந்த வேலையை வளவிலோ பட்டாலையிலோ, அதாவது வீட்டின் உள்முற்றத்திலோ கூடத்திலோ, செய்யவே கூடாது. அங்கே தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்த்தது. புளித்தண்ணீர் ஒரு சொட்டு நின்றாலும் அந்த இடத்தில் மினுமினுப்பு செத்து வெளுத்துவிடும். கிணற்றடிக்குக் கொண்டுபோங்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

உள்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்த பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு, மோர், தக்காளி எதுவும் வேண்டாம், களிம்பு ஏறும். ஈயம், அதாவது வெள்ளீயம், பூசினால்தான் அது மறுபடி அடுப்புக்கு வரும். பூசுகிறவர் பாத்திரத்தைக் கரிநெருப்பில் காய்ச்சி, நவச்சாரத் தூளை (அம்மோனியம் குளோரைடு) தூவி, ஈயக்கம்பியைத் தொட்டு, பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார். வெள்ளைப் புகை எழும்பும், திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். முந்தைய நாளே எண்ணெய்ப்பிசுக்கு முழுக்கப் போயிருக்க வேண்டும். பிசுக்குள்ள இடத்தில் ஈயம் ஒட்டாது.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐச் சுற்றியே நிற்கும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் பூச்சு திரண்டு முத்துமுத்தாக உருளும். ஆகவே தாளிப்பு எப்போதும் தனியாக, இரும்புக் கரண்டியில். ஈயச்சொம்புக்கும் இதே விதிதான்: ரசத்தை முதலில் ஊற்று, பிறகு தீயை மூட்டு.

பாட்டி காலத்துச் சொம்பு நச்சு உலோகமான காரீயக் கலப்போ என்று ஐயம் இருந்தால் வெள்ளைத் தாளில் விளிம்பைத் தேய்த்துப் பாருங்கள். பென்சில்போல் சாம்பல் கோடு விழுந்தால் அதை அடுப்படியிலிருந்து எடுத்துவிடுங்கள். கோடு விழாததாலேயே சுத்தம் என்றும் ஆகாது. ஐயம் தீராதது பூஜை அறையில் பூ வைக்க இருக்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

எனாமல் தட்டுகள். பூச்சு பெயர்ந்தவை சாப்பாட்டுக்கு வேண்டாம்: உள்ளே இரும்பு, துருப்பிடிக்கும்; பெயர்வது கண்ணாடிச் சில்லு. செடி வைக்கலாம் என்று துளை போட்டால் விரிசல் நாலு பக்கமும் ஓடும். துளையில்லாமல் மண்தொட்டிக்கு அடித்தட்டாக வைப்பதே சரி.

பர்மா அரக்குப் பெட்டிக்கு வெயிலும் ஈரமும் ஆகாது. விரலி மஞ்சள், வசம்பு மாதிரி உலர்ந்தவை மட்டும்.

ஏப்ரல் 11, வெள்ளி

பழைய சோற்று வடகம். ராத்திரி மிஞ்சிய சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, உடனே குளிர்பெட்டியில் வைத்தது. வெளியிலேயே கிடந்து நொந்த சோறு இதற்கு உதவாது. 3 டம்ளர் சோற்றுக்குப் பச்சை மிளகாய் 4, சீரகம் ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், பெருங்காயம், அரை மூடி எலுமிச்சை. தண்ணீர் விடாமல் கொரகொரவென்று அரைக்கவும். பச்சை மாவில் உப்பு சற்றுக் குறைவாகத் தெரிய வேண்டும். காய்ந்ததும் உறைத்து நிற்கும்.

கிள்ளி வைக்க, நைந்துபோன பருத்திக் கண்டாங்கி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை. பெட்டகத்தில் ஆச்சி மடித்து வைத்ததை வெட்ட மனம் கூசத்தான் செய்யும். முந்தானையும் கரையும் முழுதாக நிற்கட்டும், இற்றுப்போன உடல்பகுதியை மட்டும் எடுங்கள். பல நூறு தடவை தோய்த்த துணியில் நூல்பிசிறு இருக்காது, வடகம் உரிந்து வரும். சாயம் போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: நனைத்த வெள்ளைத் துணியை 5 நிமிடம் அழுத்தி வையுங்கள், அரக்கு, கறுப்புக் கட்டம் லேசாக ஒட்டினாலும் அந்தத் துண்டு உணவுக்கு ஆகாது.

காலை ஏழரைக்குள் மாடியில் வைத்தாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

முதல் நாள் மாலையே துணியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தது. பிய்த்து இழுத்தால் அடிப்பாகம் துணியோடு போய்விடும். பிறகு இரண்டு நாள் முறத்தில் காய்ந்தது. கையில் அள்ளினால் கலகலவென்று ஒலிக்கிறது.

சேமிக்கப் பழைய ஊறுகாய் ஜாடி. விரலால் தட்டியபோது ஒன்று கணீர் என்றது, மற்றது மந்தமாக ஒலித்தது. மந்தமானதில் மயிரிழை விரிசல் இருக்கும். அதற்குள் இறங்கிய எண்ணெய் சிக்கு வாடை வடகத்துக்கு ஏறும். கணீர் என்றதைக் கடலைமாவு போட்டுத் தேய்த்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் கவிழ்த்து எடுத்தது.

ஒன்றைப் பொரித்துப் பார்த்தோம். ஓரம் பொரிந்து நடுவில் பொட்டுப்போல் கடினமாக நின்றது. இன்னும் உள்ளீரம் இருக்கிறது. நாளை மறுபடி மாடிக்கு.