டகோமாவுக்கு எதற்கு என்று கேட்டார்கள்

தங்கச்சி வீடு ரென்டனில் இருக்கிறது, சியாட்டிலுக்குத் தெற்கே அரை மணி நேரம். நான் வருகிறேன் என்றதும் மாப்பிள்ளை ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார். ஸ்பேஸ் நீடில், மவுண்ட் ரெய்னியர், போயிங் தொழிற்சாலை, பைக் பிளேஸ் சந்தையில் மீனைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதை நின்று பார்ப்பது. எல்லாம் சரி, எனக்கு ஒரு நாள் டகோமா போக வேண்டும் என்றேன். "அங்க என்ன மச்சான் இருக்கு?" என்றார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகள் தலையைத் தூக்காமலே "நாத்தம் இருக்கு மாமா" என்றாள்.

அது அவளாகச் சொன்னதில்லை, ஊர் சொல்வது. காகிதக்கூழ் ஆலைகளும் செம்பு உருக்காலையும் இருந்த துறைமுக நகரம் அது. அந்த வாடைக்கு 'டகோமா அரோமா' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உருக்காலையின் புகைபோக்கியை 1993-இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள், பெரிய கூழ் ஆலையை 2023-இல் மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை. 1873-இல் ரயில் பாதை வந்து முடியும் இடமாக டகோமாவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், சியாட்டிலை அல்ல. அப்புறம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. விமான நிலையத்துக்கு இரண்டு ஊர்ப் பெயரையும் ஒட்டி 'சீ-டாக்' என்று வைத்திருக்கிறார்களே, அதில் வாலில் தொங்கும் மூன்று எழுத்துதான் டகோமாவின் பங்கு.

எனக்கு அந்த ஊர் தெரிந்தது ஒரு சத்தத்தால். கல்லூரி விடுதியில் பக்கத்து அறைக்காரன் ஒரு பென்டிரைவ் நிறையப் பழைய ஆங்கிலப் பாட்டு வைத்திருந்தான், அதில் ஒன்று, 'ஹேவ் லவ் வில் டிராவல்'. கிடாரும் சாக்ஸபோனும் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளுகின்றன, டிரம்ஸ்காரர் வீட்டுக் கதவை யாரோ இடிப்பது மாதிரி அடிக்கிறார், பாடுகிறவர் தொண்டையைப் பற்றிக் கவலையே இல்லாமல் கத்துகிறார். ஏதோ புதுக் குழு என்றுதான் நினைத்தேன். பார்த்தால் 1965. குழுவின் பெயர் சோனிக்ஸ், ஊர் டகோமா. எங்கள் அப்பா டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் இப்படி ஒரு சத்தமா என்று அன்று பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை.

சோனிக்ஸுக்கு முன்னால் அதே ஊரில் வெய்லர்ஸ் இருந்தார்கள். (பாப் மார்லியின் வெய்லர்ஸ் இல்லை. இவர்கள் அதற்கும் முன்னால்.) 1958-இல் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. அடுத்த வருடமே 'டால் கூல் ஒன்' என்று பாட்டே இல்லாத ஒரு இசைத்தட்டு, பியானோவும் சாக்ஸபோனும் கிடாரும் மட்டும், நாடு முழுக்க ஓடி, எந்தப் பாட்டு எவ்வளவு ஓடுகிறது என்று கணக்கெடுக்கும் பில்போர்டு பட்டியலில் 36-ஆம் இடம் வரை போனது. நியூயார்க் போனார்கள், தொலைக்காட்சியில் வாசித்தார்கள். இங்கேயே இருங்கள், கிழக்குக் கடற்கரையிலேயே தொழிலைப் பாருங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் சொன்னது. பையன்கள் மாட்டோம் என்று ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நிறுவனம் கைகழுவிவிட்டது. இவர்கள் அசரவில்லை. குழுவின் கென்ட் மோரில், பக் ஆர்ம்ஸ்பி, பாடகர் ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் மூவரும் 1961-இல் சொந்தமாக எட்டிக்கெட் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். இருபது வயதை ஒட்டிய பையன்கள், சொந்த லேபிள், அதுவும் டகோமாவில். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். மாப்பிள்ளை வண்டி ஓட்ட, நான் முன்னால், மருமகள் பின்னால் காதில் ஹெட்போனோடு. அவள் பள்ளி பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கிறாள். அங்கே எந்தப் பள்ளிக்கூடத்தை எடுத்தாலும் ஒரு பேண்டு இருக்கும், வாத்தியம் கூடப் பள்ளியிலேயே இரவல் தருவார்கள். அறுபதுகளின் இந்தக் குழுக்களில் ஏன் இத்தனை சாக்ஸபோன் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு, விடை பின் சீட்டில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தது.

முழு விடை அது இல்லைதான். சியாட்டிலின் ஜாக்சன் தெருவில் கறுப்பின மக்களின் ஜாஸ் கிளப்புகள் வரிசையாக இருந்தன. பாடகர் ரே சார்ல்ஸ் 1948-இல் பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்துதான் பெயர் வாங்கத் தொடங்கினார், இசையமைப்பாளர் குவின்சி ஜோன்ஸ் இங்கே கார்ஃபீல்டு பள்ளியில் படித்தவர். அந்த வழியில் வந்த டேவ் லூயிஸின் குழு ஐம்பதுகளில் வாசித்ததைத்தான் அக்கம்பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். டகோமாவை ஒட்டி ராணுவ முகாமும் விமானப் படைத் தளமும் வேறு. அதனால் கலிஃபோர்னியாவில் பையன்கள் கடலலையில் சறுக்குவதைப் பற்றி 'சர்ஃப்' பாட்டு பாடிக்கொண்டிருந்தபோது இங்கே கறுப்பின மக்களின் இசையான ரிதம் அண்ட் ப்ளூஸும் சோலும்தான் பிடி. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல், பெரிய பாடகர்கள் எப்போதாவதுதான் வருவார்கள், வருடத்தில் பாதி நாள் மழை. வார இறுதியில் பிள்ளைகள் ஆட வேண்டுமென்றால் உள்ளூர்க் குழுதான் வாசித்தாக வேண்டும், ஆயிரம் பேர் ஆடும் கூடத்தில் கேட்கும்படி வாசித்தாக வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தலில் மெல்லிசைக் குழு படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது புரியும். கூட்டத்தின் இரைச்சலை முதலில் ஜெயிக்க வேண்டும், நயமெல்லாம் பிறகு.

டகோமாவில் நாற்றம் எதுவும் இல்லை. மருமகளுக்கு ஏமாற்றம். செங்கல் கட்டடங்கள், செங்குத்தாக ஏறும் தெருக்கள், எந்தத் தெரு முனையில் திரும்பினாலும் ரெய்னியர் மலை வெள்ளையாக வந்து நிற்கிறது. சோனிக்ஸுக்குச் சிலையோ பலகையோ இருக்கும் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன், என் கண்ணில் எதுவும் படவில்லை. ஊரில் பெரிய அருங்காட்சியகம் கண்ணாடிக் கலைக்குத்தான். மாப்பிள்ளைக்கு அது பிடித்துப்போய், வந்தது வீணில்லை என்று முகம் தெளிந்தது.

அப்புறம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. அங்கே சோனிக்ஸுக்கென்று தனி அட்டையே வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் பதிப்பு ஒன்று இருந்தது, விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சோடு மறுபதிப்பை எடுத்துக்கொண்டேன். 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்', 1965. சியாட்டிலில் கியர்னி பார்ட்டன் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டே டிராக்கில் பதிந்தது, டிரம்ஸ் மொத்தத்துக்கும் ஒரே ஒரு மைக். பின்னாளில் நிர்வானா குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்கு மிகவும் பிடித்த டிரம்ஸ் சத்தம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஆல்பமான 'பூம்' டகோமாவிலேயே பதிவானது, அங்கே சத்தத்தை உறிஞ்சுவதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளைப் பையன்கள் பிய்த்துப் போட்டார்களாம், சத்தம் சுவரில் மோதித் திரும்பி வரட்டும் என்று. கிடார்க்காரர் லாரி பரிபா ஸ்பீக்கரில் ஓட்டை போட்டுப் பார்த்தவர். குழுவின் பெயரே போர் விமானங்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது வரும் வெடிச்சத்தத்திலிருந்து எடுத்ததுதான்.

சூனியக்காரி ஒருத்தியைப் பற்றி அவர்கள் போட்ட 'தி விட்ச்' 1964 கடைசியில் வந்தது. பகலில் வீட்டில் இருக்கும் பெண்மணிகள் மிரண்டுவிடுவார்கள் என்று பள்ளி விட்ட பிறகுதான் வானொலியில் போடுவார்களாம். பாட்டாகப் பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்று நான்கு சுரம் சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனால் பாடகர் ஜெர்ரி ரோஸ்லி கத்தும் கத்தலுக்கு இன்றைக்கும் முதுகு சில்லிடுகிறது. நான் வாங்கிய அந்த ஆல்பத்தில் இதோடு சோல் பாட்டுகளும் இருக்கின்றன, மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட 'டூ யூ லவ் மீ' மாதிரி. கறுப்பினப் பாடகர்கள் வளைத்து நெளித்துப் பாடியதை இவர்கள் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தியது போல் இருக்கும். இது நல்லதா கெட்டதா என்று கேட்டால், மூலத்தைவிட மேல் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு ஒரு பொருள், அவ்வளவுதான்.

கடையிலிருந்து வண்டிக்கு வரும் வழியில் மருமகளுக்கு 'லூயி லூயி' கதையைச் சொன்னேன். லாஸ் ஏஞ்சலஸ் பாடகர் ரிச்சர்ட் பெர்ரி 1957-இல் வெளியிட்ட பாட்டு. ஒரு கப்பல்காரன் மதுக்கடைக்காரனிடம், ஊரில் காத்திருக்கும் பெண்ணை நினைத்துப் புலம்புகிறான். பெரிதாக ஓடவில்லை. கல்யாணச் செலவுக்கென்று 750 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார் பெர்ரி. விடுதியில் நான் கேட்ட அந்தப் பாட்டும் அவர் எழுதியதுதான். ராபின் ராபர்ட்ஸ் 'லூயி லூயி'யைக் கண்டெடுத்து வெய்லர்ஸோடு பதிந்தார், 1961-இல் எட்டிக்கெட்டின் முதல் வெளியீடாக அது வந்தது. நடுவில் கிடார் தொடங்குவதற்கு முன் ஒரு கூச்சல் போடுவார், அது பெர்ரியின் பாட்டில் கிடையாது, ராபின் தானாகப் போட்டது. வடமேற்கு முழுக்க எல்லாக் குழுவும் இதையே வாசிக்க ஆரம்பித்தது, ஆனால் அந்த வட்டாரத்தைத் தாண்டி வெய்லர்ஸ் தட்டு போகவில்லை.

1963 ஏப்ரலில் போர்ட்லாந்தில் கிங்ஸ்மென் என்ற பையன்கள் சுமார் 50 டாலர் செலவில் அதே பாட்டைப் பதிந்தார்கள், கூச்சல் உட்பட. அதே மாதம் அதே கூடத்தில் பால் ரிவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் என்ற குழுவும் பதிந்தது. கிங்ஸ்மென் பாடகர் ஜாக் ஈலிக்கு மைக்கை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள், பல்லில் கம்பி வேறு. அண்ணாந்து கத்தினார், ஒரு வார்த்தை புரியாது. ஓரிடத்தில் முன்கூட்டியே பாடத் தொடங்கிவிட்டு நிறுத்துவார், அந்தத் தப்பையும் அப்படியே விட்டுவிட்டார்கள். அது பில்போர்டில் இரண்டாம் இடம் போனது. வார்த்தை புரியவில்லை என்றால் அசிங்கமாகத்தான் இருக்கும் என்று பெற்றோர்கள் புகார் எழுத, எஃப்.பி.ஐ. இரண்டு வருடத்துக்கும் மேல் விசாரித்தது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டுக் கேட்டு, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று முடித்தது. பாடினவரைக் கூப்பிட்டு என்ன பாடினாய் என்று மட்டும் கேட்கவில்லை.

"பாடினவர்கிட்ட கேட்கவே இல்லையா?" மருமகள் ஹெட்போனைக் கழற்றினது அப்போதுதான்.

ராபின் ராபர்ட்ஸ் 1967-இல் கார் விபத்தில் இறந்துபோனார், பெர்ரிக்கு எண்பதுகளில்தான் உரிமையில் பங்கு திரும்பக் கிடைத்தது. 1985-இல் 'லூயி லூயி'யை வாஷிங்டன் மாநிலப் பாட்டாக அறிவிக்கச் சொல்லி ஒரு தொலைக்காட்சிக்காரர் கிளப்பிவிட, ஊரே அதன் பின்னால் போனது. சட்டமன்றம் பழைய பாட்டே போதும் என்றுவிட்டது.

திரும்பும்போது நெடுஞ்சாலை ஐந்தில் போகாமல் பழைய 99-இல் போகச் சொன்னேன். ஸ்பானிஷ் காசில் நடனக்கூடம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கென்ட்-டெ மாயின் சாலை 99-ஐச் சந்திக்கும் முக்கு, சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் ஏறக்குறைய நடுவில். முப்பதுகளில் கட்டியது, போலிக் கோட்டை கோபுரங்கள், நியான் விளக்கு, இரண்டாயிரம் பேர் ஆடலாம். வெய்லர்ஸ் அங்கே நேரடியாகப் பதிந்த ஆல்பம் ஒன்று இருக்கிறது. சியாட்டில் பையன் ஒருவன் இங்கே வந்து, யாருடைய ஆம்ப்ளிஃபயராவது பழுதானால் என்னுடையது இருக்கிறது, நானும் வாசிக்கிறேன் என்று காத்திருப்பானாம். அவன்தான் பின்னால் உலகப் புகழ் பெற்ற கிடார்க்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆகி 'ஸ்பானிஷ் காசில் மேஜிக்' என்று ஒரு பாட்டு எழுதினான். அங்கே போய்ச் சேர அரை நாள் ஆகும் என்று அதில் வரும். சனிக்கிழமை மாலை நெரிசலில் எங்களுக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. இரண்டு முறை யூ-டர்ன் அடித்து, மாப்பிள்ளை ஸ்டியரிங்கைத் தட்ட ஆரம்பித்த பிறகு, நான் மட்டும் இறங்கிப் போய் நின்றேன். பெட்ரோல் பங்க், சிக்னல், நாலு பக்கமும் கார்கள். 1968-இல் இடித்துவிட்டார்கள். படம் எடுத்தேன், படத்தில் ஒரு டெலிவரி வேன்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.

சோனிக்ஸும் அந்தச் சமயத்தில்தான் சிதறினார்கள். எட்டிக்கெட்டை விட்டு ஹாலிவுட் போய் ஒரு ஆல்பம் பதிந்தார்கள். வழவழவென்று இருக்கும், குழுவினருக்கே பிடிக்கவில்லை. சாக்ஸபோன் வாசித்த ராப் லிண்ட் கடற்படை விமானி ஆனார், அப்புறம் பயணிகள் விமானம் ஓட்டினார். லாரி பரிபா காப்பீட்டு வேலைக்குப் போனார், ரோஸ்லி சாலைக்குத் தார் போடும் தொழிலுக்கு. நாற்பது வருடம் கழித்து 2007-இல் புரூக்ளினில் மறுபடி மேடை ஏறினார்கள், ரோஸ்லி இதய அறுவை சிகிச்சையெல்லாம் முடித்துவிட்டு வந்து நின்றார். 2015-இல் புது ஆல்பமும் போட்டார்கள், மூன்று பேர் பழைய ஆட்கள். கேட்டுப் பாருங்கள், வயதான ஆட்கள் வாசித்தது என்று நம்ப மாட்டீர்கள்.

ஹென்ட்ரிக்ஸின் கல்லறை ரென்டனிலேயே இருக்கிறது, தங்கச்சி வீட்டிலிருந்து பத்து நிமிடம். இத்தனை வருடமாக அவர்கள் அதைக் கடந்துதான் காய்கறி வாங்கப் போகிறார்கள். மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், நிறையப் பேர் பூ வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் மருமகள் சாக்ஸபோனை எடுத்து 'லூயி லூயி'யின் அந்த ஆரம்பத்தை ஊதிப் பார்த்தாள். மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அப்புறம் நிறுத்தவே இல்லை. தங்கச்சி சமையலறையிலிருந்து கத்த, இவள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கார் நிறுத்தும் காரேஜுக்குப் போய்விட்டாள். அங்கே அட்டைப்பெட்டிகளும் பழைய சைக்கிளும் அரிசி மூட்டையும்தான், கார் வெளியே தெருவில் நிற்கிறது. வெற்றுச் சுவரில் சத்தம் மோதி வீடே அதிர்ந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் இசைத்தட்டின் பின்னட்டையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.