விட்டுக்கொடுத்த கடிதம்

"படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே" என்று அப்பா சொல்லாத நாள் கிடையாது. நியூஜெர்சியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் பல கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் படிவத்தை நிரப்பினேன். எல்லாம் சுமுகமாகப் போய், பரிந்துரைக் கடிதப் பகுதியில் வந்து நின்றது. கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா, இல்லையா என்று ஒரு கேள்வி.

"உன்னைப் பத்தி எழுதுறதை நீயே பார்க்கக் கூடாதுன்னா என்னம்மா நியாயம்? இல்லைன்னு போடு" என்றார் அப்பா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனாலும் அன்றைக்கு எதையும் தொடவில்லை.

மறுநாள் பள்ளி கவுன்சலரிடம் கேட்டேன். அந்தக் கேள்விக்குக் காரணம் ஃபெர்பா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கச் சட்டம், 1974இல் வந்தது. மாணவர் தன் கல்விப் பதிவுகளைத் தானே பார்க்கலாம் என்றது. உடனே, இனி யார் மனம்விட்டுக் கடிதம் எழுதுவார்கள் என்று கல்லூரிகள் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே சட்டத்தைத் திருத்தி, பரிந்துரைக் கடிதத்துக்கு மட்டும் மாணவர் அந்த உரிமையை எழுதிக்கொடுத்து விட்டுவிடலாம் என்று வழிசெய்தார்கள்.

விட்டுக்கொடுத்தால்தான் இடம் என்று எந்தக் கல்லூரியும் நிபந்தனை போடக் கூடாது. இது சட்டத்தில் எழுதியது. கவுன்சலர் சொன்னது எழுதாதது: விட்டுக்கொடுக்காவிட்டால் அது கல்லூரிக்குத் தெரியும், படிப்பவர் கடிதத்தை அரை நம்பிக்கையோடு படிப்பார், சில ஆசிரியர்கள் எழுதவே மாட்டார்கள். "பார்த்தே தீரணும்னு தோணுற ஆசிரியர்கிட்ட கடிதமே கேட்காதே" என்றார். ஒரு ஆசிரியர் கடிதத்தை அனுப்பிவிட்டால் பதிலை மாற்றவும் முடியாதாம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், "அப்போ நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றார் அப்பா. அதில்தான் ஒரு வேடிக்கை. பதினெட்டு வயது வரை பள்ளிப் பதிவுகள் மேல் உரிமை பெற்றோருக்குத்தான். ஆனால் இந்த ஒரு கையெழுத்து, என்ன வயதானாலும், மாணவருடையது. எனக்கு அப்போது பதினேழு. போட்டுவிட்டேன். அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

கடிதம் கேட்டது இரண்டு பேரிடம். வரலாற்று ஆசிரியர் பற்றிக் கவலையே இல்லை. அவர் வகுப்பில் ஏ, பார்க்கும்போதெல்லாம் பாராட்டு. வேதியியல் ஆசிரியைதான் பயம். பி வாங்கியிருந்தேன். அவர் சிரித்துப் பார்த்ததுமில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, என்ன எழுதித் தொலைத்திருப்பாரோ என்பதே நினைப்பு.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு சீனியர் சொன்னாள், நம் சேர்க்கைக் கோப்பை நாமே கேட்டுப் பார்க்கலாம் என்று. 2015இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இப்படிக் கேட்டது பெரிய செய்தியானதாம். சேர்ந்த கல்லூரியில் மட்டும்தான் கேட்க முடியும். இடம் தராத கல்லூரியிடம் நமக்கு அந்த உரிமை இல்லை. (அங்கேதான் என்ன எழுதினார்கள் என்று தெரிய வேண்டியிருந்தது. சரி, விடுங்கள்.)

ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். 45 நாளுக்குள் காட்ட வேண்டும் என்பது சட்டம். 41ஆம் நாள் பதில் வந்தது: நேரில் வரலாம், குறிப்பெடுக்கலாம், படம் எடுக்கக் கூடாது.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. எதிரே ஓர் ஊழியர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடிதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைத் தாள்: மாணவி உரிமையை விட்டுக்கொடுத்துள்ளார். கீழே எழுதியவர்களின் பெயர்கள். கேட்டால் பெயரைச் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு மிச்சம்.

ஆனால் என் விண்ணப்பத்தைப் படித்தவரின் குறிப்புத் தாளும் அடியில் இருந்தது. பல வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். இரண்டு மட்டும் தப்பியிருந்தன. கவனிக்காமல் விட்டார்களா, போனால் போகிறதென்று விட்டார்களா தெரியவில்லை. "வேதியியல்: மணி அடித்த பிறகும் கேள்வியோடு நிற்கும் பெண். தப்பு என்று தெரிந்தால் முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவாள்." அடுத்த வரி: "வரலாறு: பொதுவான கடிதம். யாருக்கும் பொருந்தும்."

இரண்டாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு முதல் வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்பாவிடம் போனில் அதை வாசித்தபோது, "அந்தம்மாவா? பரவாயில்லையே" என்றார். வரலாற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த வருடம் தம்பியின் முறை. விட்டுக்கொடு என்றுதான் சொன்னேன். கூடவே, சேர்ந்த முதல் வாரத்திலேயே கோப்பைக் கேட்டுவிடு என்றும் சொல்லிவைத்தேன். மாணவர்கள் கேட்க ஆரம்பித்ததும் சில இடங்களில் இந்தக் குறிப்புகளை வைத்திருப்பதையே நிறுத்திவிட்டார்கள். நம் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது மட்டும் அழிக்கக் கூடாது. அப்பா இப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பத்தியை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறார்.